செத்தவர் காலியாக்கிய கிளாஸ்

அத்தியாயம் ஐந்து

பேய் இருக்கிற வீட்டுக்குப் பகலில் போய் வந்தால் பாதி ஆபத்துக் குறைவு என்பது இக்னேசியசின் கொள்கை. ஆனால் நவம்பர் மாத ரொறன்ரோவில் பகல் என்கிற சாமான் யாருக்கும் முழுசாகக் கிடைப்பதில்லை. சூரியன் காலையில் வந்து, வந்ததற்கு ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு, பின்னேரத் தேநீருக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறது.

அஜின்கோர்ட்டின் அந்த ஒடுங்கிய தெருவில் நிலாணி காரை நிறுத்தியபோது எல்லா யன்னல்களிலும் மின்விளக்கு எரிந்தது. கடைசி வீட்டில் மட்டும் ஒரேயொரு எண்ணெய் விளக்கு. குளிருக்கு இறுக்கிப் பூட்டிய வீடு. காற்று நுழைய ஊசித் துவாரம் கிடையாது. இருந்தும் அந்தச் சுடர், பக்கத்தில் யாரோ குந்தியிருந்து மெல்ல மூச்சு விடுவதுபோலச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"நீ போட்டு வா பிள்ளை," என்றார் இக்னேசியஸ். "நான் காருக்க இருக்கிறன். எஞ்சின் சூடு ஆறாமல் ஒராள் பாக்கவேணும்."

"இது எலெக்ட்ரிக் கார், அங்கிள். எஞ்சினே இல்லை."

"அப்ப இன்னும் கவனமாப் பாக்கவேணும்."

முப்பது வருஷம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டிப் பென்ஷன் எடுத்தவர் இக்னேசியஸ். வெறிகாரர், கத்திக்காரர், கடைசி பஸ்ஸில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று பாட்டுப் படிப்பவர் என எவருக்கும் அஞ்சாதவர். டிக்கெட் எடுக்காமல் ஏறக்கூடிய ஒரே பிரயாணி பேய் என்பதால் அதற்கு மட்டும் பயம். பென்ஷனுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நிலாணிக்கு உதவியாளராகச் சேர்ந்தார். பார்க்டேலில் வளர்ந்த நிலாணிக்கு நாற்பது வயது. தனியார் துப்பறிவாளர். கழுத்துப் பட்டியைப் போட்டுக்கொண்டு இன்சூரன்ஸ் கேட்டவர் கல்யாண வீட்டில் காவடி ஆடியதைக் கண்டுபிடித்த புகழ் அவளுக்கு ஸ்காபரோ முழுக்க உண்டு. அவளைக் கண்டால் முழங்கால் நோ தானாக மாறிவிடுகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு.

"கேசைத் திரும்ப ஒருக்காச் சொல்லு," என்றார் இக்னேசியஸ், நேரத்தைக் கடத்த.

நிலாணி சொன்னாள். இந்த வீட்டுக்காரர் சிவபாதம் செப்டெம்பர் கடைசியில் நித்திரையிலேயே செத்துப்போனார். செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, வழக்கம்போல அவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, அறைக் கதவைச் சாத்தினார்கள். இறைச்சிக் கறி, கணவாய்ப் பொரியல், பக்கத்தில் அவருடைய இத்தாலிச் சிவப்பு வைன் ஒரு கிளாஸ். கதவைத் திறந்தபோது வைன் குறைந்திருந்தது.

"குறைஞ்சிருந்தது," என்று இக்னேசியஸ் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கே குளிர் இருந்தது.

"அண்டையிலயிருந்து அவரின்ர மனுசி பேபி அன்ரி ஒவ்வொரு இரவும் படத்துக்கு முன்னால ஒரு கிளாஸ் வைனும் ஒரு தட்டுச் சோறும் வைக்கிறா. விடிய ரெண்டும் வெறுமை."

"தட்டையும் வழிச்சு வைக்கிற பேய். வளர்த்த தாய் நல்லா வளர்த்திருக்கிறா."

"பகிடி விடாதேங்கோ. அன்ரிக்கு இருதயத்தில மூண்டு குழாய் அடைச்சுப்போச்சு. திங்கட்கிழமை பைபாஸ். இந்தத் திகதியை விட்டால் ஆளுக்குத் தான் பொறுப்பில்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அவ போகமாட்டன் எண்டு நிக்கிறா. வாற மனுசன் வெறும் கிளாசைக் கண்டிட்டுத் திரும்பிப் போவாரோ எண்டு கேக்கிறா." நிலாணி கார்க் கதவைத் திறந்தாள். "குடிக்கிறது ஆரெண்டு இண்டைக்குக் கண்டுபிடிச்சால் மனுசி பிழைக்கும்."

"குடிக்கிறது அவரேதான் எண்டால்?"

"அதுக்கு எங்களிட்ட லைசென்ஸ் இல்லை. இறங்குங்கோ."

கதவைத் திறந்தது மகள் கௌசி. ஒஷாவாவில் வேலை, குடும்பம். சனிக்கிழமைகளில் மட்டும் தாயைப் பார்க்க வருகிறவள். அவள் கையில், மீன் கட்டி வைக்கிற பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கிளாஸ் இருந்தது.

"இண்டைக்குக் காலமை வந்தவுடனேயே எடுத்து வச்சனான், அக்கா. அம்மா கழுவ முதல். கைரேகை இருக்குமெல்லோ? நான் வரேக்கயே இப்பிடித்தான், ஒரு சொட்டும் இல்லை."

வீட்டுக்குள் சாம்பிராணி மணத்தது. அதற்கு அடியில், பழைய பழக்கடையின் பின்கதவு போல, புளித்த ஒரு பழமணம். முன்னறைச் சுவரில் சிவபாதம் பெரிய சட்டத்துக்குள் இருந்தார். சந்தன மாலை. கையில் வைன் கிளாசுடன் எடுத்த படம். வேறு நல்ல படம் கிடைக்கவில்லையாம். இக்னேசியஸ் இடப்பக்கம் நகர்ந்தார். படத்தின் கண்கள் வந்தன. வலப்பக்கம் நகர்ந்தார், திரும்பவும் வந்தன. நடுவில் நின்று சட்டைப் பைக்குள் செபமாலையைத் தேடினார்.

படத்துக்கு நேரே, ஒரு நாற்காலியில், பேபி இருந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மெலிந்த உடம்பு, ஆனால் நேராக நிமிர்ந்த முதுகு.

"இருங்கோ பிள்ளையள். அந்தக் கதிரையில மட்டும் இருக்கவேண்டாம்."

இருக்கப் போன இக்னேசியஸ், பாதி வழியில் மடிந்த நிலையிலேயே நின்றார். அந்த வயதில் அந்த முழங்கால்களுக்கு அது ஒரு உலக சாதனை.

நிலாணி கைரேகை எடுக்கவில்லை. பிளாஸ்டிக் பையைப் பிரித்து, கிளாசுக்குள் சுட்டுவிரலை விட்டு, அடியைச் சுற்றித் தடவி, நாக்கில் வைத்தாள். பிறகு கிளாசை இக்னேசியசிடம் நீட்டினாள்.

"நானோ? செத்தவர் குடிச்ச கிளாசையோ?"

"உங்கட நாக்கு என்ர நாக்கை விட ஊருக்குக் கிட்ட."

இக்னேசியஸ் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டு நக்கினார். அவர் முகத்தில் இருந்த பயம் மெல்ல விலகி, ஒரு ரசிகனின் குழப்பம் வந்தது.

"ஒட்டுது. இனிக்குது. பிள்ளை, இது பனங்கட்டி."

"இத்தாலியில பனை இருக்கோ, அங்கிள்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

நிலாணி பேபியின் பக்கம் திரும்பினாள். பேபி விளக்குத் திரியைத் தூண்டிவிடுவதில் மும்முரமானார்.

"ஒரு துண்டு போடுறனான். அவருக்குத்தான்," என்றார், திரும்பாமல்.

அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது. பேஸ்மென்டுக்குள், நிலத்துக்கு அடியில், கண்ணாடியோடு கண்ணாடி முட்டும் மெல்லிய 'கிளிங்'. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"பெரியப்பாவோ?" நிலாணி கேட்டாள். சிவபாதத்தின் அண்ணன் குலசிங்கம் அந்த பேஸ்மென்ட் அறையில்தான் இருந்தார். கல்யாணம் கட்டாதவர். சைவப் பழம். இருமல் மருந்தில் சாராயச் சத்து இருக்கிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து இருமலையே விட்டுவிட்டவர்.

கௌசி இல்லையென்று தலையாட்டினாள். "பெரியப்பா போத்தல் அறைப் பக்கம் தலை வச்சும் படுக்கமாட்டார். அப்பா செத்த பிறகு அவர் தன்ர அறையை விட்டு வாறதே இல்லை."

மற்றொரு 'கிளிங்'. நிலாணி பேஸ்மென்ட் படியில் இறங்கினாள், இக்னேசியஸ் அவளுடைய முதுகுக்குப் பின்னால்.

முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே, குளிர் குறையாத ஒரு சின்னக் கொங்கிரீட் அறை ரொறன்ரோவின் பழைய வீடுகளில் இருக்கும். எங்கள் ஆட்கள் அதில் அரிசி மூட்டை, கருவாடு, ஊறுகாய் வைப்பார்கள். சிவபாதம் ஒரு இத்தாலியக் கட்டடக் கொந்தராத்துக்காரரோடு காலமெல்லாம் கொங்கிரீட் வேலை செய்தவர். அந்தச் சிநேகத்தில் அவருடைய குளிர் அறை முழுக்க வைன் போத்தல்கள். அதன் கதவு இப்போது கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே ஒரு வெளிச்சம் தலை உயரத்தில் மிதந்தது. உடம்பு தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் ஒவ்வொரு போத்தலுக்கும் முன்னால் நின்று, பெயர் வாசித்து, நகர்ந்தது.

இக்னேசியசுக்கு மூன்று மொழிகளில் செபம் தெரியும். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து தொண்டையில் அடைத்துக்கொண்டன.

நிலாணி ஸ்விட்சைத் தட்டினாள்.

நெற்றியில் கட்டிய விளக்கோடு, கோட்டும் டையுமாக ஒரு பருத்த மனிதர், நெஞ்சோடு ஒரு போத்தலை அணைத்தபடி நின்றார். அவருக்கு வந்த பயத்தில் போத்தலுக்குள் இருந்த வைன்கூட ஒருதரம் துள்ளியது.

"ஜனார்த்தன் அண்ணை," என்றாள் பின்னால் வந்த கௌசி. "அப்பாவோட ஒவ்வொரு வெள்ளியும் இருந்து குடிக்கிறவர். வீடு விக்கிற ஏஜென்ட்."

"எப்பிடி உள்ள வந்தனீங்கள்?" என்று கேட்டாள் நிலாணி.

"பக்கத்துக் கதவுக்கு சிவபாதம் ஒரு திறப்புத் தந்தவன். சத்தியமா ஒரு போத்தல்தான். அவன்ர ஞாபகத்துக்கு."

"பேயைப் பிடிச்சாச்சு," என்றார் இக்னேசியஸ். பயம் போன வேகத்தில் அவருக்குக் குரல் ஒரு அடி உயர்ந்திருந்தது. "திறப்பு இருக்கு. தாகம் இருக்கு. வயித்தைப் பார் பிள்ளை, ஒரு மாசத்துச் சோறு அதுக்க கிடக்கு. வா, வீட்டை போவம்."

"இந்த வயிறு பதினைஞ்சு வருஷமாக் கிடக்கு," என்றார் ஜனார்த்தன், மானம் போனவராக.

நிலாணி அந்தப் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "உங்களுக்கு ஒரு சோதினை இருக்கு, அண்ணை. மேல வாங்கோ. கௌசி, பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வாரும். என்ன சாட்டுச் சொன்னாலும் விடவேண்டாம்."

படத்துக்கு முன்னாலேயே மேசை போட்டார்கள். குலசிங்கம் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. எலும்பும் தோலும் என்று சொன்னால் தோல் கோபிக்கும், அவ்வளவு மெலிவு. ஒருவரையும் பார்க்காமல் மூலையில் இருந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார். மேசையில் போத்தலைக் கண்டதும் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பினார்.

"இது அப்பா குடிக்கிறதுதானே, கௌசி?"

"ஓம். மொன்டேபுல்சியானோ. வேற எது குடிச்சாலும் கடைசியில உதுக்குத்தான் வருவார்."

நிலாணி நாலு கிளாசில் ஊற்றினாள். வைன் கறுப்பாக இறங்கி, விளிம்பில் மட்டும் ஊதாவாகச் சிரித்தது. விளக்குச் சுடர் மறுபடி சாய்ந்தது. இக்னேசியஸ் அதைக் கவனிக்காத பாவனையில் இருந்தார்.

"ஜனார்த்தன் அண்ணை, கௌசியின்ர அப்பா எப்பிடிச் சொல்லுவாரோ அப்பிடியே சொல்லுங்கோ."

ஜனார்த்தன் டையைத் தளர்த்தினார். மூக்கைக் கிளாசுக்குள் விட்டார். கண்ணை மூடினார். திறந்தபோது, வீடு விற்கிற மனிதர் அங்கே இல்லை. குரல்கூட மாறியிருந்தது. அது யாருடைய குரல் என்று தெரிந்த பேபி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

"வைனுக்குள்ள பர்பேரா எண்டால் பள்ளிக்கூடம் விட்ட பெடியன். புளிப்பும் துள்ளலும். நாக்கில ஓடித்திரியும். ப்ரிமிடிவோ கல்யாண வீட்டுக்கு வாற மாமி. ஜாம், முந்திரிகை வத்தல், நகை எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக்கொண்டு வரும். இது அப்பிடியில்லை." அவர் ஒரு வாய் எடுத்து, அரைத்து, விழுங்கினார். "இது சாரத்தை மடிச்சுக் கட்டின வைன். வாசல்ல நிண்டு கூப்பிடாது, நேரா குசினிக்க வரும். முதல்ல பழம். நாவல், கறுத்தச் செர்ரி, பிளம்ஸ் தோல். பிறகு மழை பெய்த செம்மண். கடைசியில வாய் காயும், பச்சை வாழைக்காயைக் கடிச்ச மாதிரி. இனிப்பு எண்டு ஒரு சொட்டும் இராது. இனிப்புத் தேடுறவன் சோடாக் கடைக்குப் போகட்டும் எண்டுவான் சிவபாதம்."

"எனக்கு இருமல் மருந்தும் பழைய பஸ் சீற்றும்தான் மணக்குது," என்றார் இக்னேசியஸ். ஆனால் இரண்டாவது வாய் எடுத்தார். ஆராய்ச்சிக்காக மூன்றாவதும்.

"இதுக்குள்ள ஆரும் சீனி, பனங்கட்டி போட்டால்?" என்று கேட்டாள் நிலாணி.

"சிவபாதம் எழும்பி வந்து அடிப்பான்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அறைக்குள் நின்றது. யாரும் படத்தைப் பார்க்கவில்லை.

"பொய்."

மூலையிலிருந்து வந்த குரல் அது. குலசிங்கம் சுவரைப் பார்த்தபடியேதான் இருந்தார். கோத்த கைகள் பிரிந்திருந்தன.

"என்ன பொய், பெரியப்பா?"

"உவர் சொல்லுறது. வாழைக்காயாம், செம்மண்ணாம். என்ர தம்பி எதைக் குடிச்சவன் எண்டு உவருக்கு என்ன தெரியும்? உந்தப் புளிச்ச தண்ணியைக் குடிக்கவோ அவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பிடிச் சிரிச்சவன்? அவன்ரது நல்லா இனிக்கும். சீனிப்பாணி மாதிரி. தொண்டையில இறங்கேக்க பனங்காய் மணக்கும். அதுதான் அவன் குடிச்சது. எனக்குத் தெரியும்."

சாம்பிராணிப் புகை நேராக மேலே போனது. ஜனார்த்தன் திறந்த வாயை மூடவில்லை.

நிலாணி மிக மெல்லக் கேட்டாள். "நீங்கள் ஒருநாளும் வாயில வைக்காத ஆளெல்லோ, பெரியப்பா? இந்த வைன் இனிச்சது, அந்தப் படத்துக்கு முன்னால வைக்கிற ஒரேயொரு கிளாசில மட்டும்தான்."

குலசிங்கம் எழுந்தார். ஓடப் போகிறாரோ என்று இக்னேசியஸ் கதவை மறித்தார். கிழவர் ஓடவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றார், குட்டு வாங்கப் போகிற பிள்ளைபோல.

"எட்டுச் செலவண்டு," என்றார். "பேபி அதுவரைக்கும் ஒரு பருக்கையும் தொடேல்லை. படைச்ச சாமான் படைச்சபடியே கிடந்தால் அவன் வரேல்லை எண்டு அழுவா. அந்த நெஞ்சு தாங்காது. நான் பின்கதவால போனன். இறைச்சி எனக்கு ஏலாது. சோறு கொஞ்சம் அளைஞ்சுபோட்டு, அந்தக் கிளாசை எடுத்தன். ஐயோ, புளிப்பும் கைப்பும். முருகா எண்டு கண்ணை மூடிக் குடிச்சன், முழுக்க ஏலேல்லை, கொஞ்சம் விட்டிட்டன். கதவைத் திறந்து பாத்திட்டு அவ சிரிச்சா. வந்து சோறு திண்டா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வைக்கத் தொடங்கினா. நான் என்ன செய்ய? குடிக்காமல் விட்டால் அவன் ரெண்டாந்தரம் செத்துப்போவானெல்லோ." கண்களைத் துடைத்துக்கொண்டார். "பிறகு பாத்தால் அது இனிக்கத் தொடங்கீட்டுது. இதுதான் தம்பி ருசிச்சதாக்கும் எண்டு நினைச்சன். நாப்பது வருஷம் குடிக்கிறானெண்டு ஏசினன். அவன் என்னத்தைக் குடிச்சான் எண்டு இப்பதான் தெரிஞ்சுது எண்டு இருந்தன்."

கௌசி வாயைப் பொத்திக்கொண்டாள். பேய் பிடிபட்டது. இக்னேசியஸ் வெற்றியைக் கொண்டாட நாலாவது வாய்க்குக் கையை நீட்டியபோது, நிலாணி இன்னும் இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டார். அவள் குலசிங்கத்தைப் பார்க்கவில்லை. பேபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேபி அழவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"அன்ரி, உங்கட அவர் இனிப்புப் போட்டால் எழும்பி வந்து அடிப்பாராம். நீங்கள் அவரோட நாப்பது வருஷம் இருந்தனீங்கள். அப்ப பனங்கட்டி ஆருக்கு?"

விளக்குத் திரியில் எண்ணெய் குறைந்து 'சிர்' என்றது. பேபி நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார்.

"அவர் ஒரு சொட்டு மிச்சம் விடாத மனுசன்," என்றார். "கிளாசைக் கவிட்டு நாக்கில தட்டுவார். முதல் நாளே மிச்சம் கிடந்தது. விளிம்பில திருநீறு வேற. என்ர மனுசன் எந்தக் காலத்தில திருநீறு பூசினவர்?"

ஜனார்த்தன் 'ஐயோ' என்று வாய்க்குள் சொன்னார்.

"அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்," என்றாள் நிலாணி.

"தெரியும். கீழறையில இருக்கிற அத்தான் முகத்தைச் சுளிச்சுச் சுளிச்சுக் குடிச்சிருப்பார் எண்டு நினைச்சன். பாவம் எண்டு அடுத்த நாளிலயிருந்து பனங்கட்டி போட்டன். இறைச்சியை விட்டிட்டுப் பருப்பும் கத்தரிக்காயும் வச்சன்." அவர் முதல் தடவையாகக் குலசிங்கத்தைப் பார்த்தார். "தம்பி செத்ததிலயிருந்து அந்த அறைக்கதவைத் தட்டிச் சாப்பாடு குடுத்தால் திறக்கமாட்டார். பசிக்கேல்லை எண்டுவார். இந்தப் படத்துக்கு முன்னால வச்சால் மட்டும்தான் வருவார். பேய்க்கு வைக்கிறன் எண்டு நானும் இருந்திட்டன். நான் ஆஸ்பத்திரியில போய்க் கிடந்தால் ஆர் வைக்கிறது? திரும்பி வந்து பாக்க ரெண்டாவது படமா அத்தானும் சுவரில தொங்குவார். நான் எப்பிடிப் போறது?"

ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று இந்த இருவரும் செத்த மனிதரின் பெயரில் ஒரு மாதமாக நாடகம் போட்டிருக்கிறார்கள். இதைப் பார்க்கச் சிவபாதம் எங்கேயாவது நிற்கிறார் என்றால், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று இக்னேசியசுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு, தோன்றாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"பேபி," என்றார் குலசிங்கம். "நான் மேசையில இருந்து சாப்பிடுறன். உனக்கு முன்னால. கௌசி பாக்கட்டும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன். ஒரு கதிரை தந்தால் காணும்."

"வெளிச்சாப்பாடு சாப்பிடுவியளோ?"

"சாப்பிடுவன்."

"வெங்காயம் போட்டிருப்பாங்கள்."

"விலக்கிப்போட்டுச் சாப்பிடுவன்."

பேபி நீண்ட மூச்சு விட்டு எழுந்தார். கௌசி ஓடிப்போய்ப் பயணப் பையை எடுத்து வந்தாள். எல்லாம் முடிந்தது. நிலாணி கோட்டைப் போட்டாள். இக்னேசியஸ் ஒரு காலைச் சப்பாத்துக்குள் விட்டுவிட்டார்.

"ஒண்டு மட்டும் சொல்லவேணும்," என்றார் குலசிங்கம். மனம் லேசாகிவிட்ட மனிதருக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று ஆசை. "இனிச்சது எண்டுபோட்டு நான் முழுக்கக் குடிக்கிறேல்லை. அது அவன்ர சாமானெல்லோ. கடைசி ரெண்டு மடக்கு ஒவ்வொரு நாளும் தம்பிக்கு விட்டிட்டுத்தான் போவன். நேத்தும் விட்டனான்."

பையின் சிப்பை இழுத்த பேபியின் கை நின்றது.

சுடர் சாய்ந்தது. படத்தின் பக்கமாக.

இக்னேசியஸ் ஒற்றைச் சப்பாத்தோடு நிலாணியின் கோட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விடியலிலும் வெறுமையாய்க் கிடந்த கிளாஸ். நேற்று இரவுக் கிளாசும் அப்படித்தான். பேபியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரத் தொடங்கியது. அது நல்ல வெளிச்சம் அல்ல. அந்த வெளிச்சம் வந்த மனிதர்கள் பயணப் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் நாற்காலியில் போய் இருந்துவிடுவார்கள்.

"அது நான்தான், அம்மா," என்றாள் கௌசி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மிச்சத்தை நான்தான் சிங்கில ஊத்தினனான். ஒவ்வொரு நாளும்."

ஒஷாவாவில் இருந்து சனிக்கிழமை மட்டும் வருகிற பிள்ளை, கண்ணை இமைக்காமல் சொன்னாள். பேபி மகளின் முகத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான காலத்திலிருந்து பேசிப் பழகிய பார்வை அது. யார் என்ன பதில் சொன்னார்களோ, தெரியாது.

"சரி," என்றார் பேபி. "என்ர பச்சைக் காடிகனையும் இதுக்க வை, பிள்ளை. அங்க குளிருமாம்."

சிப் கடைசிவரை மூடியது.

காருக்குள் ஏறியதும் இக்னேசியஸ் கதவைப் பூட்டினார். பூட்டியதைத் திறந்து, திரும்பவும் பூட்டிப் பார்த்தார். தெருமுனையில்தான் வாயைத் திறந்தார்.

"கௌசி பொய் சொன்னவள்."

"ஓம்."

"தாய்க்கும் அது தெரியும்."

"ஓம்."

"அப்ப அந்த ரெண்டு மடக்கை..."

"எங்களிட்டக் கேட்டது அன்ரி ஆஸ்பத்திரிக்குப் போவாவோ எண்டு. போறா. கேஸ் முடிஞ்சுது."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. ஹீற்றர் மெல்ல ஊதியது. அதோடு ஒரு மணம் வந்தது. முதலில் பழம். பழுத்த நாவல், பிளம்ஸ் தோல். பிறகு, இந்த உறைந்த நகரத்தில் எங்கேயும் இல்லாத, மழையில் நனைந்த செம்மண். பின்சீற்றில் இருந்து.

இக்னேசியஸ் திரும்பவில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத்தான் முதலில் பார்ப்பார். இப்போது அதைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்தார். தன் வாயிலிருந்து வருகிற வைன் மணம்தான் இது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரைக் கிளாஸ் குடித்தவனின் வாய் இப்படிப் பின்னாலிருந்து மணக்குமா என்று தன்னைக் கேட்கவில்லை.

விளக்குப் பச்சையானது. நிலாணி போகவில்லை. ஓரமாக நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து பின்கதவை அகலத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. கதவைப் பிடித்தபடி, வயதானவர் இறங்கக் காத்திருக்கும் பிள்ளைபோல அவள் நின்றாள்.

"இறங்குங்கோ அங்கிள்," என்றாள், வெறும் சீற்றைப் பார்த்து. "திங்கட்கிழமை விடியக் காலமை அன்ரியோட நீங்களும் நிக்கவேணும்."